நோட்டு அச்சடிப்பது நம் கையில். தாளும் மையும் யார் கையில்?

கரிசல்காட்டான் எழுதியது:

விலைவாசி ஏறினாலும் அரசின் கடன் ஏறினாலும், "அச்சகம் அவர்களிடம்தானே இருக்கிறது, வேண்டியதை அடித்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் நம் இணையக் களத்திலும் இருக்கிறார்கள். அதன் பொருளாதாரப் பக்கத்தை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. அச்சடிப்பது என்ற வேலையையே நாம் மிகச் சாதாரணமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் குறை.

முதலில் யாரிடம் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2006 ஜனவரியில் தொடங்கப்பட்ட எஸ்பிஎம்சிஐஎல் என்ற மத்திய அரசு நிறுவனத்திடம் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளும், நாசிக்கிலும் தேவாசிலும் உள்ள இரண்டு நோட்டு அச்சகங்களும், முத்திரைத்தாள், கடவுச்சீட்டு போன்றவற்றை அச்சிடும் வேறு இரண்டு அச்சகங்களும், முன்பு ஹோஷங்காபாத் என்று அழைக்கப்பட்ட நர்மதாபுரத்தில் ஒரு தாள் ஆலையும் இருக்கின்றன. இதற்கு வெளியே, ரிசர்வ் வங்கி தனக்குச் சொந்தமான துணை நிறுவனம் ஒன்றை 1995இல் தொடங்கி, மைசூரிலும் மேற்கு வங்கத்தின் சால்போனியிலும் இரண்டு அச்சகங்களை அமைத்தது. அவை இரண்டும் 1996இல் வேலையைத் தொடங்கின. நாணயம் வெளியிடும் உரிமை அரசுக்கும், நோட்டு வெளியிடும் உரிமை ரிசர்வ் வங்கிக்கும் உரியது. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் விதிவிலக்கு. அதை அரசே வெளியிடுவதால் அதில் நிதித்துறைச் செயலாளர் கையொப்பமிடுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அச்சகங்கள் இத்தனை இருந்தும், 1997-98இல் 100 ரூபாய் நோட்டுகள் 200 கோடியும் 500 ரூபாய் நோட்டுகள் 160 கோடியும், ஆக ஒரு லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள நோட்டுகள், அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிறுவனங்களிடம் அச்சடித்து வாங்கப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றக் குழு ஒன்று இதைத் தெரிந்துகொண்டு கடுமையாகக் கண்டித்தது. அச்சிடும் வேலை நாட்டுக்குள் திரும்பிய பிறகும், தாளுக்கு வெளிநாட்டை நம்பும் நிலை தொடர்ந்தது. 1968இல் தொடங்கிய ஹோஷங்காபாத் ஆலையால் தேவையின் ஒரு பகுதியைத்தான் நிறைவேற்ற முடிந்தது. 2010இல் பிரிட்டனின் டி லா ரூ நிறுவனம், தன் ஊழியர்கள் சிலர் தாளின் தரச் சோதனைச் சான்றிதழ்களைத் திரித்திருந்ததாக ஒப்புக்கொண்டபோது, அதன் தலைமை நிர்வாகி பதவி விலகினார். நம் பணத்துக்கான தாளைச் செய்யும் இடத்தில் யார் எதைச் சரிபார்க்கிறார்கள் என்பதை நம்மால் நேரில் பார்க்க முடியாத காலம் அது.

ஹோஷங்காபாத்தில் ஆண்டுக்கு 6,000 டன் திறனுள்ள புதிய பிரிவு 2015 மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. எஸ்பிஎம்சிஐஎல்லும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய, 12,000 டன் திறனுள்ள மைசூர்த் தாள் ஆலையும் அதே பத்தாண்டில் வந்ததுதான். எனவே என் கருத்து இது: 1995இல் அச்சகங்களைக் கட்டியதற்கு முன்பாகவே, குறைந்தபட்சம் அதோடு சேர்த்தாவது, தாள் ஆலையைக் கட்டியிருக்க வேண்டும். இருபது ஆண்டுகள் தாமதமானது. நண்பர்கள் மறுக்கலாம்.

ஈரோட்டுப் பொறியாளன் எழுதியது:

மறுக்கத்தான் வந்தேன், அண்ணா. தாள் முக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தாளை மட்டும் சாவி என்று சொல்வது, தொழிலின் பாதியை விட்டுவிடுவதாகும்.

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நோட்டு உருவாகும் வரிசையைச் சொல்கிறேன். மரக்கூழில் செய்த தாள் இதற்கு உதவாது. பருத்தி நூற்பாலைக் கழிவும் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் சிறு பஞ்சும் சேர்ந்த கூழ்தான் வேண்டும். கம்பி வலை போர்த்திய உருளை ஒன்று அந்தக் கூழ்த் தொட்டியில் பாதி மூழ்கிச் சுழலும். காந்தியின் முகம் அந்த வலையிலேயே மேடும் பள்ளமுமாகப் பதிந்திருக்கும். பள்ளத்தில் இழை கூடுதலாகப் படிவதால் தாள் அங்கே தடிக்கும், மேட்டில் மெலியும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி என்பது மையில்லாமல் உருவான இந்தத் தடிமன் வேறுபாடுதான். பாதுகாப்பு இழையும் தாள் உருவாகும் அந்த நொடியிலேயே உருளையின் மேல் ஓடிவந்து தாளுக்குள் புதைகிறது. பிறகு ஒட்டுவதோ செருகுவதோ கிடையாது. கள்ள நோட்டுக்காரன் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ஆஃப்செட் எந்திரம் தாளின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அச்சிடுகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்கத்துப் பாதியும் பின்பக்கத்துப் பாதியும் சேர்ந்து எண் முழுமையாவது, இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் இம்மியும் பிசகாமல் பொருந்துவதால்தான். அடுத்தது இன்டாக்லியோ. குழிவாகச் செதுக்கிய உலோகத் தகட்டின் மேல் பசைபோன்ற கெட்டி மையைப் பூசி, மேற்பரப்பில் இருப்பதைத் துடைத்துவிட்டு, குழிக்குள் நிற்கும் மையின் மீது தாளை மிகுந்த அழுத்தத்தில் அமுக்குவார்கள். தாளே குழிக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். 500 ரூபாய் நோட்டின் இரு ஓரங்களிலும் உள்ள ஐந்து சாய்வுக் கோடுகளையும், 100 ரூபாய் நோட்டில் உள்ள நான்கு கோடுகளையும் பார்வையற்றோர் விரலால் அறிவது இந்தப் புடைப்பால்தான். அந்த மை காயும்வரை தாள்கள் காத்திருக்க வேண்டும். பிறகே எண் இடுதல், சரிபார்த்தல், வெட்டுதல் எல்லாம்.

இந்த எந்திரங்களைச் செய்பவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஜெர்மனியின் கோனிக் அண்ட் பாயர் குழுமமும் ஜப்பானின் கொமோரியும் அவர்களில் முக்கியமானவர்கள். நிறம் மாறும் மையில் சுவிட்சர்லாந்தின் சிக்பா நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கிறது. தாளை நாமே செய்துவிட்டாலும், எந்திரத்தின் உதிரிபாகம் ஒன்றுக்காகக் காத்திருக்கும் நாளில் அச்சகம் நிற்கத்தானே செய்யும்?

கரிசல்காட்டான் எழுதியது:

தம்பி, எந்திரம் ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் ஓடும்; தாளும் மையும் அன்றாடம் தீர்ந்துபோகும் பொருள்கள். விற்பவன் நெருக்கடி கொடுக்க முடிவது தீர்ந்துபோகும் பொருளில்தான். எந்திரம் விற்றவன் மனம் மாறினால் சில மாதம் சமாளிக்கலாம். தாள் விற்றவன் மனம் மாறினால் கிடங்கில் உள்ள இருப்பு எத்தனை நாள் வரும் என்று எண்ண வேண்டியதுதான். மையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அந்தக் குறையையும் உணர்ந்ததால்தான் மைசூரில் ஆண்டுக்கு 1,500 டன் திறனுள்ள வர்ணிகா என்ற மை ஆலையை 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் நாட்டுக்கு அர்ப்பணித்தார். தாள், மை, அச்சு மூன்றும் ஒரே ஊரில் அமைந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

இரண்டு பேரும் ஆலையோடு நின்றுவிட்டீர்கள். வங்கியில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு 2016 நவம்பர் வேறு பாடத்தைக் கற்பித்தது.

அன்று செல்லாததாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளின் மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். புழக்கத்தில் இருந்த பணத்தில் மதிப்பின்படி 86 விழுக்காடு அது. அந்த இடத்தை நிரப்புவதற்கு முதலில் வந்தது 2000 ரூபாய் நோட்டு; அது ரிசர்வ் வங்கியின் மைசூர், சால்போனி அச்சகங்களின் சரக்கு. புதிய 500 ரூபாய் நோட்டு நாசிக்கிலும் தேவாசிலும் தொடங்கியது. பெட்டகத்துக்கு 2000 ரூபாய் வந்து இறங்கிவிட்டது. ஆனால் அதைக் கொண்டுவந்தவருக்குச் சில்லறை கொடுக்க 500 இல்லை, 100 போதவில்லை. மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் பயன்படாத பணத்தை வரிசையில் நின்ற முதியவர்களின் கையில் கொடுத்து அனுப்பியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அளவு இன்னொரு தலைவலியாயிற்று. பழைய 1000 ரூபாய் நோட்டு 177 மில்லிமீட்டர் நீளமும் 73 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. புதிய 2000 ரூபாய் நோட்டு 166க்கு 66. புதிய 500 ரூபாய் நோட்டோ 150க்கு 66. ஏடிஎம் எந்திரத்துக்குள் இருக்கும் நோட்டுப் பெட்டிகள் பழைய அளவுக்கு அமைக்கப்பட்டவை என்பதால், நாடு முழுவதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எந்திரங்களை ஆள் போய்த் திறந்து மாற்றியமைக்க வேண்டியிருந்தது. அச்சகம் இரவு பகலாக ஓடியும் பணம் மக்களிடம் போய்ச் சேராததற்கு இதுவும் ஒரு காரணம். ரிசர்வ் வங்கி நோட்டு அச்சிடச் செலவிட்ட தொகை 2015-16இல் 3,421 கோடி ரூபாயாக இருந்தது, அடுத்த ஆண்டில் 7,965 கோடியாயிற்று. அப்படி அவசரமாக அச்சிட்ட 2000 ரூபாய் நோட்டை 2023 மே மாதத்தில் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். தாள் நம்முடையதா வெளிநாட்டினுடையதா என்பதைவிட, எந்த மதிப்பில் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டிக் கணக்கிடுவதுதான் முதல் வேலை என்பேன்.

புதியவன் எழுதியது:

அம்மா, ஒரு சந்தேகம். அச்சகத்திலிருந்து கிளம்பிய 500 ரூபாய் நோட்டுகளில் 88,032.5 கோடி ரூபாய் மதிப்புள்ளவை ரிசர்வ் வங்கிக்கு வந்து சேரவே இல்லை என்று 2023இல் பெரிதாகப் பேசினார்களே, அது உண்மையா? நட்சத்திரக் குறி போட்ட நோட்டுகள் எல்லாம் கள்ள நோட்டு என்றும் அதே ஆண்டில் வாட்ஸ்அப்பில் வந்தது.

ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

தம்பி, இரண்டும் வேறு வேறு விஷயங்கள். அந்த 88,032.5 கோடிக் கணக்கு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அச்சகங்கள் தனித்தனியே கொடுத்த பதில்களைக் கூட்டி, ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டதால் வந்தது. அந்தப் பதில்களைத் தவறாகப் பொருள்கொண்டிருக்கிறார்கள் என்றும், அச்சகங்கள் அனுப்பிய நோட்டுகள் அனைத்துக்கும் முறையான கணக்கு இருக்கிறது என்றும் ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் விளக்கம் வெளியிட்டது. அதிகாரிகளின் விளக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம் என்றால், நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 88,032.5 கோடி ரூபாய் என்பது 176 கோடிக்கும் அதிகமான 500 ரூபாய் நோட்டுகள். ஒரு நோட்டு ஒரு கிராம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 1,760 டன் வருகிறது. பத்து டன் ஏற்றும் லாரிகளில் 176 லாரி நிறையும். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் வாயிலில் நிற்கும் அச்சகத்திலிருந்து அத்தனை லாரி காணாமல் போயின என்று நம்புவதற்கு என் அனுபவம் இடம் கொடுக்கவில்லை. அதற்காக அச்சகங்களில் திருட்டே நடந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. தேவாசில் பிழையான நோட்டுகளைக் கடத்திய அதிகாரி ஒருவர் 2018இல் பிடிபட்டார். அது ஆள் மறைத்து எடுத்துச் சென்ற அளவு; இது சரக்கு ரயில் அளவு.

நட்சத்திரத்தைப் பற்றி: அச்சில் பிழைபட்ட நோட்டை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வைக்கும் மாற்று நோட்டுக்குத்தான் முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே அந்தக் குறி. முன்பெல்லாம் பிழைபட்ட அதே எண்ணில் இன்னொன்றை அச்சிட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையும் செலவும் மிச்சமாகட்டும் என்று 2006இல் சிறிய மதிப்பு நோட்டுகளில் இதைத் தொடங்கி, 2016இல் 500 ரூபாய்க்கும் கொண்டுவந்தார்கள். முழுக்க முழுக்கச் செல்லும்.

காசுசேகரன் எழுதியது:

நோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நாணயச்சாலைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கரிசல்காட்டான் ஐயா எழுப்பிய கேள்விக்கு நாணயத்திலும் சான்று இருக்கிறது, அதுவும் நம் வீட்டு உண்டியலிலேயே.

ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சிறு வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இந்த நான்கிலும் சேராத குறிகளும் கிடைக்கும். 1985ஆம் ஆண்டின் ஒரு ரூபாயில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்காமின் ஹீட்டன் நாணயச்சாலையில் அடித்தது. 'சி' என்ற எழுத்து இருந்தால் கனடாவின் ஒட்டாவா. 1990களின் இறுதியில் சில்லறைத் தட்டுப்பாடு மீண்டும் முற்றியபோது மெக்சிகோ, ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா, மாஸ்கோ என்று பல ஊர்களில் நமக்கு நாணயம் அடித்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் பென்னி அடித்துக் கொடுத்த கொல்கத்தா நாணயச்சாலையின் நாடு, எழுபது ஆண்டுகளுக்குள் காசுக்கு ஒட்டாவாவில் போய் நின்றது. 1988இல் நொய்டா நாணயச்சாலை தொடங்கப்பட்டது இந்தத் தட்டுப்பாட்டின் நடுவில்தான்.

பிறகு நடந்தது இதற்கு நேர் எதிரானது. 2018 ஜனவரியில் நான்கு நாணயச்சாலைகளிலும் புழக்க நாணயம் அடிப்பதை நிறுத்தி வைத்தார்கள். காரணம், அடித்ததை வைக்க ரிசர்வ் வங்கியின் கிடங்குகளில் இடமில்லை. ஒரு காலத்தில் மாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு, இன்னொரு காலத்தில் சொந்தக் கிடங்கிலேயே வாங்க ஆளில்லாமல் கிடந்தது. காசாளர் அம்மா சொல்லும் முன்கணிப்புக் குறைபாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

உலோகமும் தாளைப் போன்றதே. அதன் விலை நம் கையில் இல்லை. 2018இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த கணக்கின்படி ஒரு ரூபாய் நாணயத்தை அடிக்க 1.11 ரூபாயும், 2 ரூபாய்க்கு 1.28, 5 ரூபாய்க்கு 3.69, 10 ரூபாய்க்கு 5.54 ரூபாயும் செலவாயின. உலோகத்தின் மதிப்பு முகமதிப்பைத் தாண்டினால் காசு உருக்குபவரிடம் போய்விடும். செம்புநிக்கல் நாணயங்கள் எல்லை தாண்டிச் சவர பிளேடுகளாக மாறிய செய்திகள் 2007இல் வந்தன. துருப்பிடிக்காத எஃகுக்கு நாம் மாறியதில் இந்தக் கவலைக்கும் பங்கு உண்டு.

சேகரிப்பவர்களுக்கு ஒரு துணுக்கு: 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்துடன் 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் வந்தன. அவை சென்னையில் அடித்தவை அல்ல. ஜார்ஜ் டவுனில் தங்கசாலைத் தெரு என்று இன்றும் வழங்கும் தெருவில் இருந்த நாணயச்சாலையை 1869இலேயே மூடிவிட்டார்கள். அந்த வளாகம் பிறகு அரசு அச்சகத்துக்குப் போயிற்று.

யாழ்வாசி எழுதியது:

எங்கள் நாட்டு நிலையையும் சொல்கிறேன், ஒப்பிட உதவும். இலங்கையில் நாணயச்சாலை கிடையாது. குற்றிகளை, அதாவது காசுகளை, வெளிநாடுகளில் அடித்தே பெறுகிறோம். நாணயத்தாள்கள், அதாவது நோட்டுகள், நீங்கள் குறைகூறிய அதே டி லா ரூ நிறுவனம் எமது அரசுடன் சேர்ந்து பியகமவில் நடத்தும் அச்சகத்தில் அச்சாகின்றன. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் அமைந்த எங்கள் நாணயத்தாளின் எந்திரம், கடதாசி, மை எதுவுமே எங்களுடையதல்ல.

ஆயினும் 2022இல் நாங்கள் பட்ட துன்பத்துக்கு இது காரணம் அன்று. அப்போது எல்லோரும் "பணம் அச்சிடுகிறார்கள்" என்று பேசினோம். உண்மையில், அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் திறைசேரி உண்டியல்கள் என்ற பத்திரங்களை மத்திய வங்கி வாங்கி, அரசின் கணக்கில் வரவு வைத்ததே பெரும்பகுதி. அச்சகம் எவருடையது என்பதற்கும் அந்த வரவுக்கும் தொடர்பில்லை. ஆகவே தாளில் தன்னிறைவு அடைந்துவிட்டால் பணத்தில் இறைமை வந்துவிடும் என்ற தொனியை ஐயா சற்றுக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து. இந்தியாவின் அளவுக்கு அது இலாபகரமான தொழில். இரண்டு கோடியைச் சற்றுத் தாண்டிய மக்கள்தொகைக்குத் தாள் ஆலை கட்டினால் ஆலைக்கே கடன்பட நேரும்.

கரிசல்காட்டான் எழுதியது:

அம்மா, உங்கள் திருத்தம் பொருத்தமானது. ஆலையின் தேவை நாட்டின் அளவைப் பொறுத்தது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அளவு இருந்தும் ஆலை கட்டாமல் இருந்த நாடு நாங்கள் என்பதுதான் என் ஆதங்கம். பருத்தி விளையும் நாடு, நூற்பாலைகள் நிறைந்த நாடு, நோட்டுத் தாளைக் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தது.

இதோடு தொடர்புடைய இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். 10 ரூபாய் நோட்டைப் பாலிமர் என்ற பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்டுக் கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேசுவரம் ஆகிய ஐந்து நகரங்களில் சோதித்துப் பார்ப்பதாக 2014இல் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அது புழக்கத்துக்கு வரவில்லை. ஆஸ்திரேலியாவைப் பார்த்து நாமும் மாற வேண்டும் என்று அவ்வப்போது சிலர் எழுதுகிறார்கள். மாறினால், இத்தனை பாடுபட்டு நிறுவிய இரண்டு தாள் ஆலைகளையும் என்ன செய்வது?

ஈரோட்டுப் பொறியாளன் எழுதியது:

பாலிமர் நோட்டின் அடிப்படை பாலிபுரோப்பிலீன் படலம்தான், அண்ணா. அந்த மூலப்பொருள் நம் நாட்டிலேயே ஏராளமாகத் தயாராகிறது. ஆனால் அதன் மேல் ஒளிபுகாப் பூச்சு பூசி, நடுவில் தெளிவான சாளரம் விட்டு, நோட்டுக்கு ஏற்ற தரத்தில் கொடுப்பவர்கள் மிகச் சிலரே. எனவே உங்கள் பழைய கவலை அப்படியே திரும்பி வரும்; இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். தவிர, நீர்க்குறிக்குப் பழகிய கண்களும் பருத்தித் தாளின் மொடமொடப்புக்குப் பழகிய விரல்களும் புதிய சோதனை முறைக்கு மாறச் சில ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கள்ள நோட்டுக்காரனுக்குக் கொண்டாட்டம்.

ஓய்வுபெற்ற காசாளர் எழுதியது:

10 ரூபாய்க்குப் பாலிமரே தேவையில்லை. மீன் சந்தையிலும் பேருந்திலும் கிழிந்து கந்தலாகும் நோட்டுக்கு மாற்றாகத்தான் 10 ரூபாய் நாணயத்தை 2009இல் புழக்கத்தில் விட்டார்கள். அது நோட்டைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும். நம் மாவட்டங்களில் பல கடைக்காரர்களும் நடத்துநர்களும் அதை வாங்க மறுப்பதால்தான் அழுக்கு நோட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரூபாய்க் குறியீடு உள்ளது, இல்லாதது, பத்துக் கோடு உள்ளது, பதினைந்து கோடு உள்ளது என்று வேறுபடும் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாக அறிவித்திருக்கிறது. 14440 என்ற எண்ணுக்கு அழைத்தால் அதற்கான விளக்கம் கிடைக்கும் என்றும் அப்போது சொன்னார்கள். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தின்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்களை ஒரு கொடுக்கல் வாங்கலில் 1,000 ரூபாய் வரை சட்டப்படி செலுத்தலாம். கடைக்காரர் மறுத்தால் சட்டம் பேசிச் சண்டை போடாமல், கையில் சேர்ந்ததை உங்கள் வங்கிக் கிளையில் கட்டிவிடுங்கள். நாணயத்தை வாங்க மறுக்கக் கூடாது என்று கிளைகளுக்கு ரிசர்வ் வங்கியின் உத்தரவு இருக்கிறது; கல்லாவில் இருப்பவர் தயங்கினால் கிளை மேலாளரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.